தென்மேற்கு மூலையில் தண்ணீர்

பிப்ரவரி 9, 2019, வின்னிபெக்

வெளியே மைனஸ் இருபத்தெட்டு. வீட்டுக்கு அடியில் இருக்கும் பேஸ்மென்ட் சுவரில் நான்கு இடங்களில் பிளாஸ்டிக் தாளை வைத்து ஓரமெல்லாம் டேப் ஒட்டினேன். ஒரு வாரம் கழித்து உள்பக்கம் வேர்த்திருந்தால் சுவரில் ஈரம் என்று அர்த்தம்.

மொரீனும் நானும் பிரிவதென்று பேசி முடித்தாயிற்று. இருபத்தாறு வருடக் குடித்தனம். வக்கீலுக்கு அழ வேண்டாம், வீட்டையும் விற்க வேண்டாம். அவள் மேலே, நான் கீழே. மே முதல் தேதிக்குள் கீழே ஓர் அறை கட்டி இறங்கிவிட வேண்டும். சண்டை எதுவும் இல்லை. சண்டை போடக்கூட இரண்டு பேருக்கும் கொஞ்சம் அக்கறை வேண்டுமே.

பிப்ரவரி 16

தாள்களை உரித்தேன். நான்கும் காய்ந்து கிடந்தன. அடுத்த வீட்டு ஓரெஸ்ட் பார்த்துவிட்டுச் சிரித்தார். வாழ்நாள் முழுக்க அஸ்திவாரம் தோண்டியவர்.

"ஏம்ப்பா லோர்ன், வெளிய மண்ணு ஆறடிக்கு ஐஸா இறுகிக் கிடக்கு. இப்போ போய்ச் சுவரைக் கேட்டா அது என்ன சொல்லும்? ஒரு வசந்தம் போகட்டும், ஐஸ் உருகட்டும். அப்புறம் மூடு."

"அதுக்குள்ள மே வந்துடுமே."

"வரட்டுமே. கீழ என்ன கல்யாணமா?"

அதற்கு நேர் எதிர் என்று நான் சொல்லவில்லை.

மார்ச் 3

சுவரோரம் மரச் சட்டங்கள் அடித்து முடித்தேன். முதுகு வலி.

மார்ச் 17

சட்டங்களுக்கு நடுவே குளிர் தடுக்கும் பஞ்சு திணித்து, மேலே பிளாஸ்டிக் விரித்து, ஜிப்சம் பலகை அடித்தேன். மொரீன் படியில் நின்று பார்த்தாள். "அந்தத் தென்மேற்கு மூலையையும் மூடிட்டியா?" என்றாள். மூடியாச்சு என்றேன். மேலே போய்விட்டாள்.

மார்ச் 30

வெள்ளை வண்ணம். கம்பளம். கட்டில் இறக்கியாயிற்று. நன்றாகவே இருக்கிறது.

ஏப்ரல் 11

பனி உருகுகிறது. அறையில் நனைந்த நாய் வாடை. எங்களிடம் நாய் கிடையாது.

ஏப்ரல் 14

கம்பளத்தில் கால் வைத்தால் சளக் என்கிறது. பலகையை அறுத்துப் பார்த்தேன் — பஞ்சு முழுக்க ஊறிப்போய், பின்னால் கறுப்பாகப் பூஞ்சை.

மொரீன் ரப்பர் பூட்ஸ் போட்டுக்கொண்டு வாளியோடு இறங்கி வந்தாள். நேரே அந்த மூலைக்குப் போனாள். குனிந்து பார்க்கவே இல்லை. தரையும் சுவரும் சேரும் இடத்தில் ஒரு துண்டைச் சுருட்டி அடைத்தாள். சரியாக அங்கேதான் விரிசல்.

"உனக்குத் தெரியுமா?"

"ஏப்ரல்னா வரும். நீ சரக்கு ரயில் ஓட்டப் போயிடுவ. நான் துடைப்பேன்."

"என்கிட்ட சொல்லியிருக்கலாமே!"

"சொல்லலையா?"

அவ்வளவுதான். அவள் குரலில் கோபம்கூட இல்லை. எனக்குத்தான் பொத்துக்கொண்டு வந்தது. எப்ப சொன்னா? சொல்லியிருந்தா நான் சும்மா இருப்பேனா? அப்படிப்பட்டவனா நான்?

ஏப்ரல் 15

பழைய டைரிகளை எடுத்தேன். 1994: "மொ. கீழே ஏதோ தண்ணீர் என்கிறாள்." 2004: "மறுபடி தண்ணீர் பற்றி மொ." 2011: "வழக்கமான தண்ணீர்ப் பாட்டு."

எல்லா டைரியையும் புரட்டி எண்ணினேன்: இருபத்திரண்டு ஏப்ரல்கள். எல்லாம் என் கையெழுத்து. என்ன மனுஷன்டா நான்? வெட்கமாக இருக்கிறது.

ஏப்ரல் 21

எல்லாவற்றையும் பிய்த்து வெளியே கொட்டினேன். ஓரெஸ்ட் வந்து பலகைகளின் ஒரு முனையைப் பிடித்தார். "அன்னிக்கே சொன்னேன்ல" என்று அவர் ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் தேவலை.

மொரீனிடம் மன்னிப்புக் கேட்டேன். "இப்போ எதுக்கு?" என்றாள். ஹாலில் சோபாவில் படுத்துக்கொள்கிறேன்.

ஜூன் 8

வீட்டை விற்கிறோம். அவள் பிராண்டன் ஊரில் தங்கை வீட்டுப் பக்கம் போகிறாள். நான் எங்கே என்று இன்னும் பார்க்கவில்லை.

ஜூன் 19

தரகர் ஷெரி படிவம் கொண்டுவந்தாள். வீட்டில் உள்ள குறைகளை வாங்குபவருக்கு எழுதித் தர வேண்டும். கீழ்த்தளத்தில் தண்ணீர் வந்ததுண்டா? எத்தனை முறை?

"இந்த வருஷம் மட்டும்னு போட்டுடுங்க லோர்ன். அதுக்கு முன்னாடி நீங்க கண்ணால பார்த்ததில்லையே. பொய்யும் இல்ல, விலையும் இறங்காது."

நான் எழுதினேன்: "தென்மேற்கு மூலை. ஏப்ரலில். இந்த வருடத்துக்கு முன் இருபத்திரண்டு முறை. ஒவ்வொரு முறையும் என் மனைவி என்னிடம் சொன்னாள்."

ஷெரி முகம் சுண்டிப்போயிற்று. மொரீன் கண்ணாடியைத் தேடிப் போட்டுக்கொண்டு படித்தாள். பிறகு இன்னொரு தடவை படித்தாள்.

"இருபத்திமூணு," என்றாள்.

"டைரியில இருபத்திரண்டுதான் இருக்கு."

"உங்கம்மா செத்த வருஷமும் வந்தது. முட்டளவு. அந்தத் தடவை உன்கிட்ட சொல்லலை."

எழுதியதை அடித்துவிட்டு, தண்ணீர் வந்தது இருபத்துமூன்று முறை, சொன்னது இருபத்திரண்டு என்று திருத்தினேன். இருவரும் கீழே கையெழுத்துப் போட்டோம்.