கசப்பு குறைந்த நிலவேம்பும் எனக்குக் கிடைத்த கலப்படப் பட்டமும்

அனுப்புநர்:
நிலவேம்பு பயிரிடுபவர்,
பதிவு எண் 41,
பம்ப் ஷெட்டை ஒட்டிய தோட்டம்.

பெறுநர்:
இயக்குநர் அவர்கள்,
மூலிகைப் பயிர்த் துறை.
(கள அலுவலர் மேசை வழியாக வேண்டாம்)

பொருள்: எனது நிலவேம்பு இலையைக் கலப்படம் என்று எரிக்கச் சொன்ன ஆணையை நிறுத்தக் கோருதல் – தொடர்பாக.

மதிப்பிற்குரிய ஐயா,

1. பதினாறு வருடமாகத் தங்கள் மருந்துக் கூடத்துக்கு நிலவேம்பு இலை தருகிறேன். இதுவரை ஒரு மூட்டைகூடத் திரும்பி வந்ததில்லை.

2. அறுவடைக்கு மூன்று வாரம் இருக்கையில் தண்ணீரைக் குறைத்து, செடியை வெயிலில் விட்டுவிடுவது என் வழக்கம். செடி கொஞ்சம் தவித்தால்தான் இலையில் கசப்பு ஏறும். அந்தக் கசப்புதான் மருந்து. பார்க்க அழகாக இருக்காது. தங்கள் கள அலுவலர் படித்த பெரிய படிப்பில் இவ்வளவு சின்ன விஷயத்துக்கு இடமில்லை போலிருக்கிறது.

3. விருந்தினர்கள் பார்வையிட வருகிறார்கள் என்று போன மாதம் வந்த அந்த அலுவலர், "என்னம்மா, செடி இப்படி வாடிக் கெடக்கு? பாக்கறவங்க சிரிக்க மாட்டாங்களா?" என்றார். நான் சொன்ன எதுவும் அவர் காதில் ஏறவில்லை. சாலையோரப் பாத்திக்கு நிழல்வலை கட்டவைத்தார். தினமும் இரண்டு வேளை தண்ணீர், போதாததற்கு யூரியா. செடி தளதளவென்று வந்தது. ஜன்னல் திரைக்குத் துணி எடுப்பவர் போல ஸ்கேலால் இலையை அளந்து, பக்கத்தில் நின்று போட்டோவும் எடுத்துக்கொண்டார்.

4. அதே பாத்தியில் அவரே பறித்த இலை பரிசோதனையில் தேறவில்லை. மருந்துச் சத்து பாதிகூட இல்லையாம். எப்படி இருக்கும்? உடனே, நான் வேறு தழையைக் கலந்துவிட்டதாக எழுதிக் கொடுத்துக் கையைக் கழுவிக்கொண்டார். கேட்டில் 'கலப்படம்' என்று ஒட்டியிருக்கும் தாளை என் மாமியார் தினமும் காலையில் ஒருமுறை வாசிக்கிறார். எனக்கு உடம்பெல்லாம் எரிகிறது. திங்கட்கிழமை விளைச்சல் முழுவதையும் எரிக்க வேண்டுமாம். பதிவும் ரத்தாம்.

5. கிணற்றுக்குப் பின்னால் இன்னொரு பாத்தி உண்டு. அதே விதை, அதே நாளில் விதைத்தது. சேற்று வாய்க்காலைத் தாண்ட வேண்டும் என்பதால் அலுவலரின் ஷூ அந்தப் பக்கம் வரவில்லை. அவருடைய சோம்பலுக்கு நான் நன்றி சொல்லியாக வேண்டும்.

சாலையோர இலையை நானே மருந்துக்குத் தரமாட்டேன். அதை எரிப்பதானால் எரியுங்கள். பின்பாத்தி இலையைத் திங்கட்கிழமைக்குள் சோதித்து, என் பதிவைக் காத்து, கேட்டில் ஒட்டிய தாளை ஒட்டியவர் கையாலேயே கிழிக்க உத்தரவிட வேண்டுகிறேன்.

பரிசோதனைக் கூடத்துக்கு நேரமில்லை என்றால், இத்துடன் இரண்டு கவரில் இலை வைத்திருக்கிறேன். அலுவலரை எதிரே உட்காரவைத்து இரண்டையும் மென்று பார்க்கச் சொல்லுங்கள். எந்தக் கவருக்கு அவர் முகம் கோணுகிறதோ, அது நான் வளர்த்தது. மற்றது அவர் வளர்த்தது.

நாள்: வெள்ளிக்கிழமை
இடம்: தோட்டத்து கேட், அந்தத் தாளுக்கு அருகில்

இன்னமும் பதிவு எண் 41 ஆக இருக்கும்,
(ஒப்பம்)
நிலவேம்பு பயிரிடுபவர்