செய்தித்தாளில் அழுத்திய பாசி

டாலிகஞ்ச், கொல்கத்தா
செவ்வாய்க்கிழமை

சிரஞ்சீவி ஜெய்ராமுக்கு,

ஆசீர்வாதத்தைக் கடைசிக்கு வைத்துக்கொள்கிறேன். மதுரையில் உன் மருத்துவமனை கைபேசி அனுமதிப்பதில்லை என்பதால் எழுதுகிறேன். எழுத்தில் நீ குறுக்கே பேச முடியாது என்பதும் ஒரு சௌகரியம்.

நீ போன மறுவாரம் சாந்த்ராகாச்சியிலிருந்து உன் வாடிக்கையாளர் சுபீர் பாபு வந்தார். மீன் தொட்டிக்கு உன்னிடம் சொல்லிவைத்த கிறிஸ்துமஸ் மாஸ் என்ற பாசி வேண்டுமாம். பால்கனியில் நீ விற்பதற்கு நீர்ச்செடி வளர்க்கும் ஆறு தொட்டிகள். ஒன்றிலும் பெயர்ச் சீட்டு இல்லை. முப்பத்தொரு வருடம் கல்லூரியில் தாவரவியல் நடத்தியவளுக்கு இது என்ன பிரமாதம்? பத்து நாள் கழித்து வரச் சொன்னேன்.

பின்னிக் கிடந்த பாசிகளைக் கொத்தோடு எடுத்துப் பிரித்தேன். பூதக்கண்ணாடியில் கிளைகள் முக்கோணமாகச் சரிந்தது கிறிஸ்துமஸ் மாஸ். ஒழுங்கின்றி ஓடியது ஜாவா மாஸ். மிதக்கும் செடிகளைக் கவிழ்த்து வேர் எண்ணினேன். ஒற்றை வேருள்ளதையும் வேர்க்கொத்து உள்ளதையும் ஒரே தொட்டியில் விட்டு, இரண்டையும் இவ்வூர் வழக்கில் பானா என்றே விற்றிருக்கிறாய். கல்லூரி வழக்கப்படி அனைத்தையும் ஈரம் ஒற்றி, செய்தித்தாள்களுக்கிடையில் பரப்பி, உன் அப்பாவின் சட்டப் புத்தகங்களை மேலே ஏற்றினேன். பத்தாம் நாள் ஒவ்வொரு தாளிலும் பெயரும் தேதியும் மையில் எழுதி முடித்தேன்.

சொன்ன நாளில் வந்த சுபீர் பாபு, காய்ந்த பாசி ஒட்டிய தாளைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். மாஷிமா, இதைத் தொட்டியில போடட்டுமா, சட்டம் போட்டுச் சுவத்துல மாட்டட்டுமா என்றார். பிறகு, ஜெய்ராம் எப்படி இருக்கான் என்று மெதுவாகக் கேட்டார். நான் தேநீர் போடப் போய்விட்டேன்.

நேற்று உன் மருத்துவர் பேசினார். அவர் வாயெடுக்குமுன் மனச்சோர்வு என்று பெயரையும், அறிகுறிகளை வரிசையாகவும் சொன்னேன். நீ வங்கி வேலையை விட்டபோது அதையே சோம்பல் என்று அடையாளம் கண்டவள் நான்தான். அதை அவரிடம் சொல்லவில்லை. பேரு இருக்கட்டும்மா, நாலு நாளா தட்டைத் தொடாமத் திருப்பி அனுப்பறார், அவருக்கு என்ன பிடிக்கும்னு சொல்லுங்க என்றார். முப்பத்துநான்கு வருடம் ஒரே வீட்டில் இருந்தும் எனக்குத் தெரியவில்லை. கேட்டுச் சொல்கிறேன் என்று வைத்துவிட்டேன்.

கடைசித் தொட்டியில் கல்லுக்கடியில் ஏதோ ஒரு பாசி ஒட்டிக்கொண்டிருக்கிறது. பூதக்கண்ணாடியை எடுக்கவில்லை. எதுவோ, இருந்துவிட்டுப் போகட்டும். தண்ணீரை எத்தனை நாளுக்கொருமுறை மாற்றுவாய் என்று மட்டும் தெரிய வேண்டும்.

இப்போது ஆசீர்வாதம். நன்றாக இரு. என்ன சாப்பிடுவாய் என்று ஒரு வரி எழுது. எதுவானாலும், ரயிலேறி நானே எடுத்துக்கொண்டு வருகிறேன்.

அம்மா
மாதங்கி