துண்டின் ஓரம்

மாதா துணை

தாராவி

அன்பு மகள் ஷைனிக்கு,

அப்பா மரியசூசை எழுதுவது. மாதா புண்ணியத்தில் இங்கே நானும் அம்மாவும் சுகம், அயர்லாந்துக் குளிரில் நீயும் காதை மூடிக்கொண்டு சுகமாக நடமாடுவாய் என்று நம்புகிறேன். தினமும் போனில் பேசுகிறவனுக்குக் கடிதம் எதற்கு என்று சிரிக்காதே, பம்பாயில் படித்த உனக்குத் தமிழை எழுத்துக்கூட்டி வாசிக்க ஒரு மணி நேரம் ஆகும், ஆகட்டும், வாசி. அம்மாவுக்கு முட்டுவலி தேவலை. மாடித் தகரம் இன்னும் ஒழுகுகிறது, தார்ப்பாய் போட்டிருக்கிறேன். அண்ணன் சாஜன் ஞாயிறுதோறும் டோம்பிவிலியிலிருந்து லோக்கல் ரயிலில் நசுங்கி வருகிறான், வந்ததும் படுத்துத் தூங்கிவிடுகிறான்.

போன வாரம் நீ சொன்னது நெஞ்சுக்குள்ளேயே கிடக்கிறது. வார்டு வேலையில் அலுத்துப்போய்த் தூக்கமே வராமல் கிடந்தவள், கடையில் நம்ம திருநீற்றுப்பச்சிலை மாதிரி ஒரு செடியைப் பார்த்து வாங்கி, இலையைக் கசக்கித் தலையணையில் வைத்தாயாம். அப்பா வாசம் வந்திச்சுப்பா, மனசு லேசாயி அப்படியே தூங்கிட்டேன் என்றாய். அம்மா கண்ணைத் துடைத்துக்கொண்டாள். எனக்கும் சந்தோஷம்தான். ஆனால் மக்களே, அது என் வாசம் இல்லை.

உனக்கு ஒன்றரை வயது இருக்கும். இப்போது வேலை பார்க்கும் இதே ஆட்டுத்தோல் கிடங்கில்தான் அப்போதும் தோலுக்கு உப்புப் போட்டுக்கொண்டிருந்தேன். வேலை விட்டு வந்து ஆசையாகத் தூக்கினால் நீ மூக்கைச் சுளித்து, முகத்தைத் திருப்பி, அம்மாவிடம் தாவிவிடுவாய். எவ்வளவு சோப்புப் போட்டுத் தேய்த்தாலும் அந்த நாற்றம் போகாது. பக்கத்து வீட்டுக் கலைச்செல்விதான் பெயிண்ட் டப்பாவில் வளர்த்த பச்சிலையில் ஒரு கொத்துப் பறித்து, அண்ணாச்சி, இதக் கையில தேச்சிட்டுத் தூக்கிப் பாருங்க என்று தந்தாள். அன்றைக்கு என் உள்ளங்கையை முகத்தோடு சேர்த்து வைத்துக்கொண்டு தோளிலேயே தூங்கிப்போனாய். அதிலிருந்து நீ நர்ஸ் படிப்புக்குப் போகும்வரை ஒரு நாள் விடாமல் வாசலில் நின்று இலையைத் தேய்த்துவிட்டுத்தான் உள்ளே வருவேன். வெட்கம், வேறென்ன. நீ முகத்தைத் திருப்பினால் எனக்குத் தாங்காது.

இப்போது அவ்வளவு தூரத்தில் இருந்துகொண்டு நீ அந்த இலையைத் தேடுகிறாய். என்னைத் தேடுகிறாயா என்று தெரியவில்லை. செடிமேல பொறாமைப்படுத ஆளை இன்னைக்குத்தான் பாக்கேன் என்று அம்மா கேலி பண்ணுகிறாள், பண்ணட்டும். நீ இல்லாமல் வீட்டில் கால் தரிக்கவில்லை மக்களே, அவளுக்கும் அப்படித்தான், சொல்ல மாட்டாள்.

வேலைக்குத் தோளில் போடும் துண்டின் ஓரத்தைக் கிழித்து, துவைக்காமல் இந்தக் கவரில் வைத்திருக்கிறேன். தோலும் உப்பும் வேர்வையுமாக இருக்கும். கோட்டி புடிச்சிருக்கா ஒங்களுக்கு என்று அம்மா ஏசினாள். போனில் இதை அனுப்ப முடியாதே, அதற்குத்தான் கடிதம். ஒரு தடவை மோந்து பார். பிடிக்காவிட்டால் குப்பையில் போடு, கோபிக்க மாட்டேன். தூக்கத்துக்கு இலையையே வைத்துக்கொள், நல்ல செடி அது, வேரில் தண்ணீர் தேங்க விடாதே.

மாதா உன்னைக் கண்ணுக்குள் வைத்துக் காக்கட்டும். வேளாவேளைக்குச் சாப்பிடு. கிறிஸ்துமஸுக்கு டிக்கெட் போட்டதும் சொல்லு. கிடங்கிலிருந்து நேரே ஏர்போர்ட்டுக்கு வந்துவிடுவேன், இந்தத் தடவை இலை தேய்க்க மாட்டேன். முகத்தைத் திருப்பிக்கொள்ளாதே.

இப்படிக்கு,
உன் வரவைப் பார்த்திருக்கும் அப்பா
மரியசூசை