இரண்டு கையும் தலைமேல்

அத்தை,

இன்று காலை உங்கள் பழைய சரிவுக்குக் கீழே நின்றுவிட்டேன். மருந்து வாங்க ரிங்லெட் டவுனுக்குப் போய்க்கொண்டிருந்தேன். அங்கே நிற்கும் எண்ணமே இல்லை. பாதையை ஒட்டி ஒரு வங்காளதேசத் தொழிலாளி, கொழுந்து வெட்டும் மெஷினைக் கீழே கிடத்திவிட்டு, கைபேசியைத் தேயிலைச் செடிமேல் சாய்த்து வைத்துப் பேசிக்கொண்டிருந்தார். திரையில் தெரிந்தது அவருடைய அம்மாவாகத்தான் இருக்க வேண்டும். அவர்கள் பேசியதில் ஒரு வார்த்தைகூட எனக்குப் புரியவில்லை. ஆனால் அந்த அம்மா விரல்களைக் குவித்து வாயருகே கொண்டுபோனதும் எனக்குக் கால் நகரவில்லை. அது நீங்கள் கேட்கும் கேள்வி.

"பசியாறிட்டியா?"

நீங்கள் இந்தச் சரிவில் கொழுந்தெடுப்பீர்கள். எதிர்ச் சரிவில் நம் வீடு இருந்த லயம். பள்ளிக்கூடம் விட்டு வந்த உங்கள் மகன், மூடி வைத்த சோற்றைச் சாப்பிட்டுவிட்டு வாசலில் வந்து நிற்பார். நடுவில் பள்ளம், பள்ளம் முழுக்கப் பனிமூட்டம், கூப்பிட்டால் குரல் எட்டாது. மூட்டம் கொஞ்சம் விலகும் நேரம் பார்த்து நீங்கள் விரலைக் குவித்துக் காட்டுவீர்கள். அவர் இரண்டு கையையும் தலைமேல் வைப்பார். கூடை நிறைந்துவிட்டது என்று நீங்களெல்லாம் தூரத்திலிருந்து கங்காணிக்குக் காட்டுகிற சைகை அது. வயிறும் ஒரு கூடைதானே என்று அதை அவர் தனக்கு எடுத்துக்கொண்டார். நான் கல்யாணமாகி வந்த புதிதில் இதை எத்தனை தடவை சொல்லியிருப்பீர்கள். "ஒம் புருஷன் அப்பவே சோத்துக்கூடைம்மா" என்று சொல்லிவிட்டு, நான் சிரிப்பதற்குள் நீங்களே சிரித்துவிடுவீர்கள்.

அவர் மலேசிய ராணுவத்தின் அமைதிப்படையோடு போஸ்னியாவுக்குக் கிளம்பியபோது நான் முழுகாமல் இருந்தேன். அதற்கு முன்பு ஒன்று தங்காமல் போயிருந்தது. அதனால் ஒரு வாளித் தண்ணீரைக்கூட நீங்கள் என்னைத் தூக்க விடவில்லை. உங்களுக்கோ பிரஷர். மாத்திரையை முந்தானையில் முடிந்துகொண்டு, போட மறந்துவிட்டு, முந்தானையோடு துவைத்தும் போடுவீர்கள். பஸ் ஏறும்போது அவர் என்னிடம், "அம்மாவுக்கு அதிர்ச்சியா எதையும் சொல்லிடாத, பாத்துக்க" என்றார். உங்களைத் தனியாகக் கூப்பிட்டு, "அவளுக்கு மனசு நோகாம பாத்துக்குங்கம்மா" என்றாராம். இரண்டு பேரும் அதை ரொம்பத்தான் மனதில் வாங்கிக்கொண்டோம்.

ரிங்லெட்டில் ரொட்டி சானாய் கடை வைத்திருந்த நானா, கடை மாடியில் நாலைந்து கணினிகளைப் போட்டு இன்டர்நெட் கடை திறந்தது அந்த நேரத்தில்தான். முகாமிலும் வீட்டாரோடு பேசுவதற்கென்று ஓர் அறையில் கணினி வைத்திருந்தார்கள். நமக்கு ஞாயிறு மத்தியானம், அங்கே காலை. முதல் நாள் நீங்கள் கோயில் சேலை கட்டி, பவுடர் போட்டு, என் தலையையும் வாரிவிட்டுக் கூட்டிப்போனீர்கள். திரையில் படம் மேலிருந்து துண்டு துண்டாக வந்தது. நெற்றி வந்து, மூக்கு வந்து, வாய் வருவதற்குள் உங்களுக்குப் பொறுமை போய்விட்டது.

"ஆளு வந்தாச்சு, சத்தம் எங்க நானா?"

"சத்தமும் படமும் சேந்து வராதும்மா. லைன் தாங்காது லா."

பேசுவதைத் தட்டச்சுதான் செய்ய வேண்டும். கணினியில் தமிழ் இல்லை. ஆங்கில எழுத்தில் தமிழை எழுதி, அவர் அனுப்புவதை உங்களுக்கு நான் வாசித்துச் சொன்னேன். அது உங்களுக்குப் போதவில்லை. "தம்பீ, கம்பளிச் சட்ட போட்டியாப்பா" என்று திரையைப் பார்த்துக் கத்தினீர்கள். கேம் விளையாடிக்கொண்டிருந்த பிள்ளைகள் எல்லாம் திரும்பிப் பார்த்தார்கள். எனக்கு வெட்கம் பிடுங்கித் தின்றது. பிறகு என்ன தோன்றியதோ, விரல்களைக் குவித்து வாயருகே வைத்துக்கொண்டு அப்படியே அசையாமல் உட்கார்ந்துவிட்டீர்கள். கையை ஆட்டினால் படத்தில் வெறும் புகைதான் தெரிகிறது என்று நீங்களாகவே கண்டுகொண்டிருந்தீர்கள். மூட்டம் விலகக் காத்திருந்து பழகியவர்தானே. படம் ஒரு தடவை மாறியது, இன்னொரு தடவை மாறியது. அங்கே உங்கள் மகன் இரண்டு கையையும் தலைமேல் வைத்துச் சிரித்துக்கொண்டிருந்தார். அன்றைக்கு அந்த மாடியில் நீங்கள் அழுத அழுகையை நான் வேறெங்கும் பார்த்ததில்லை.

அதன் பிறகு ஞாயிறு தவறாமல் இதே கதைதான். எனக்கு எழுத்து, உங்களுக்குக் கை.

வயிறு நன்றாகத் தெரிய ஆரம்பித்திருந்த ஒரு ஞாயிற்றுக்கிழமை அவர் எழுத்து தடுமாறியது. மழை மாதிரி தட்டுகிற மனிதர், ஒவ்வொரு எழுத்தாகப் பொறுக்கிப் போட்டார். நான் நாலு கேள்வி கேட்டால் ஒரு வார்த்தை வந்தது. ஏன் இவ்வளவு மெதுவாக என்று கேட்டதற்கு, கீபோர்டு கெட்டுப்போய்விட்டது என்றார். ஒரு கையால் தட்டுகிறார், இன்னொரு கைக்கு ஏதோ ஆகியிருக்கிறது என்று உள்ளே யாரோ சொன்ன மாதிரி இருந்தது. உங்களைத் திரும்பிப் பார்க்கப் பயந்து, "நல்லா இருக்காராம் அத்தை, அங்க பனி கொட்டுதாம்" என்று இல்லாததை வாசித்தேன்.

நீங்கள் விரலைக் குவித்துக் காட்டினீர்கள். வெகுநேரம் இறக்கவில்லை. "சரி, பசியாறிட்டானாம். வா போலாம்" என்று எழுந்துவிட்டீர்கள். கீழே கடையில், கேட்காமலேயே எனக்குக் கறிபாப் பலகாரம் வாங்கிக் கொடுத்தீர்கள். வீட்டுக்கு வரும் வழியெல்லாம் இரண்டு பேரும் என்னென்னவோ பேசிச் சிரித்தோம்.

மறுநாளே கிளினிக்குக்கு என்று சொல்லிவிட்டு நான் நானா கடைக்குப் போனேன். உண்மையைச் சொல்லாவிட்டால் நான் சாப்பிட மாட்டேன் என்று மின்னஞ்சல் எழுதினேன். இரண்டு நாள் கழித்துப் போனபோது பதில் வந்திருந்தது. லோரியின் பின்கதவு விழுந்து இடது கையில் இரண்டு விரல் போய்விட்டது, உயிருக்கு ஒன்றுமில்லை, அம்மாவிடம் மட்டும் சொல்லிவிடாதே. நானாவிடமும் கெஞ்சிக் கேட்டுக்கொண்டேன், அத்தை காதுக்குப் போகவே கூடாது என்று. அவர் என்னை ஒரு மாதிரியாகப் பார்த்துவிட்டு, "அல்லா, எனக்கு எதுக்கும்மா இந்தச் சோதனை" என்றார். அப்போது அது எனக்குப் புரியவில்லை.

அந்த வாரங்கள் கஷ்டமான வாரங்கள். குளிக்கும்போது மட்டும் அழுதேன். நீங்களும் அம்மன் கோயிலுக்கு அடிக்கடி போனீர்கள். பிள்ளை நல்லபடியாகப் பிறக்க வேண்டும் என்று வேண்டுதல் என்றீர்கள். நான் நம்பினேன். அடுத்தடுத்த ஞாயிறுகளில் உங்களை மாடிக்குக் கூட்டிப்போகாமல் இருக்க நான் சாக்குத் தேடினால், எனக்கு முன்பே நீங்கள் ஒரு சாக்கு வைத்திருப்பீர்கள்.

அவர் வந்து இறங்கிய நாள் ஞாபகம் இருக்கிறதா? வாசலில் நின்றார், இடது கை ஜாக்கெட் பைக்குள். நான் உங்கள் தோளைப் பிடித்து, "நீங்க உள்ள போய் உக்காருங்க அத்தை, பிரஷர் ஏறிடும்" என்றேன். அதே மூச்சில் நீங்கள் என்னிடம், "நீ போய்த் தண்ணி கொண்டா, இங்க நிக்காத" என்றீர்கள். நான் உங்களைத் தள்ள, நீங்கள் என்னைத் தள்ள, இரண்டு பேரும் நகர்வதாக இல்லை. உங்கள் மகன் எங்களை மாறி மாறிப் பார்த்தார். பிறகு கையைப் பையிலிருந்து எடுத்து, இரண்டு கையையும் தலைமேல் வைத்தார்.

"ஒனக்குத் தெரியுமா?" என்றீர்கள்.

"உங்களுக்கு எப்படி?"

"அன்னைக்கு ஒத்தக் கையத்தான் வச்சான். சோத்துக்கூடை என்னைக்கு ஒத்தக் கைய வச்சிருக்கான்?"

நான் போன அதே வாரம், நான் முதல் தடவை போய் வந்த மறுநாளே, நீங்களும் நானா கடைக்குப் போய் இன்னொரு கைக்கு என்ன ஆச்சு என்று கேட்டு எழுதச் சொல்லியிருக்கிறீர்கள். மருமகளுக்குத் தெரியக் கூடாது என்று அவரிடம் சத்தியமும் வாங்கியிருக்கிறீர்கள். ஒருவரை ஒருவர் காப்பாற்றுவதாக நினைத்து ஒரே வீட்டில் தனித்தனியாக அழுதிருக்கிறோம். அன்று வாசலிலேயே நீங்கள் என்னைக் கட்டிக்கொண்டபோது, பெற்ற தாயிடம் வராத நெருக்கம் எனக்கு உங்களிடம் வந்தது. அதை நான் உங்களிடம் ஒருநாளும் சொன்னதில்லை. இப்போது சொல்கிறேன்.

அன்று வயிற்றில் இருந்தவள் இப்போது கோலாலம்பூரில் வேலை பார்க்கிறாள். தினமும் முகம் பார்த்துப் பேசுகிறோம். சத்தமும் படமும் சேர்ந்தே வருகின்றன, முகப்பருகூடத் தெரிகிறது. ஆனாலும் போனை வைப்பதற்கு முன்னால், "ரெண்டு கையையும் காட்டு" என்று கேட்டுவிடுவேன். "நான் என்ன கைதியாம்மா" என்று சலித்துக்கொண்டே காட்டுவாள்.

போன வருடம் ஆஸ்பத்திரியில், மூக்கையும் வாயையும் மூடி ஆக்சிஜன் மாட்டியிருந்தார்கள். உங்களால் பேச முடியவில்லை. மகளைக் கூட்டிவர அவர் மலைக்குக் கீழே தாப்பாவுக்கு இறங்கியிருந்தார். நான் மட்டும் பக்கத்தில். நீங்கள் மெல்லக் கையைத் தூக்கி, விரல்களைக் குவித்து, அந்த மூடிமேல் வைத்தீர்கள். முந்தின நாளிலிருந்து நான் எதுவும் சாப்பிட்டிருக்கவில்லை. சட்டென்று இரண்டு கையையும் தலைமேல் வைத்தேன். படம் மாறக் காத்திருக்கிற மாதிரி என்னையே பார்த்துக்கொண்டிருந்தீர்கள். பிறகு கண்ணால் மேசையைக் காட்டினீர்கள். நர்ஸ் எனக்கென்று வைத்துவிட்டுப் போன ரொட்டி, உறை பிரிக்காமல் அப்படியே இருந்தது. உங்கள் எதிரில் உட்கார்ந்து அதை முழுதும் சாப்பிட்டேன். அதன் பிறகுதான் கண்ணை மூடினீர்கள். பிறகு திறக்கவே இல்லை.

இன்று அந்தத் தொழிலாளி பேசி முடித்து மெஷினைத் தூக்கியபோது, நான் இன்னும் அங்கேயே நின்றிருந்தேன். மேலே மூட்டம் விலகிக்கொண்டிருந்தது. இரண்டு கையையும் தலைமேல் வைத்தேன். அவர் என்னைப் பார்த்து என்ன நினைத்தாரோ தெரியாது.

காலையில் இரண்டு தோசை சாப்பிட்டேன், அத்தை. நிஜமாகத்தான்.