இடது சேனல்

நவம்பர் 4, செவ்வாய்

புது இயர்பட்ஸ் வாங்கி ஒன்பது நாள்தான். போனில் ஒழுங்காகப் பாடியது. கம்ப்யூட்டரில் பாட்டு மிக்ஸ் பண்ணுகிற மென்பொருளில் இன்று போட்டால் ஆயிரம் நொட்டை. முதலில் சத்தமே இல்லை. அது வயர் போட்ட ஆடியோ பெட்டியைத்தான் தேடுகிறது, ப்ளூடூத்தை மதிப்பதில்லை. மென்பொருளின் டிரைவர் செட்டிங்கை விண்டோஸ் ஆடியோவுக்கு மாற்றினேன். வந்தது, பழைய லேண்ட்லைனில் பேசுகிற மாதிரி. மைக்கும் சேர்ந்து திறந்தால் ப்ளூடூத் தரம் அப்படித்தான் இறங்கும். ஹேண்ட்ஸ்ஃப்ரீயை அணைத்தேன். தீர்ந்தது. இருபது நிமிட வேலை.

மிச்சம் ஒன்று. இடது பக்கம் மட்டும் மந்தமாக இருக்கிறது, குளத்தில் முங்கி எழுந்த காது மாதிரி. நாளைக்குப் பார்த்துக்கொள்ளலாம்.

கிறிஸ்துமஸ் கீத ஆராதனைக்கு ஆறு வாரம்கூட இல்லை. அண்ணன் எபனேசர்தான் சர்ச்சில் பாடகர் குழுத் தலைவர். "டிராக் எப்பலே தருவ?" என்று சாப்பிடும்போதும் விடமாட்டேன் என்கிறான். ஒவ்வொரு குரலுக்கும் ஒரு பழகும் டிராக் பண்ணி வாட்ஸப்பில் அனுப்புவது எங்கள் குழு வழக்கம். இடது காதில் அவரவர் பாகம், வலது காதில் மற்ற மூன்றும். அரிசி களையும்போதும் பஸ்ஸில் போகும்போதும் கேட்டுப் பழகிவிடுவார்கள்.

நவம்பர் 5, புதன்

இடது மந்தம் போகவில்லை. இன்னொரு கோளாறும் சேர்ந்திருக்கிறது: இடதில் வருகிற சுரம் கொஞ்சம் ஏறிக் கேட்கிறது. ஒலியின் சாம்பிள் ரேட் மென்பொருளில் 44100, விண்டோஸில் 48000 என்று இருந்தால் சுருதி ஏறும். பாடம் படித்தவனுக்குத் தெரிந்ததுதான். இரண்டையும் 48000 ஆக்கினேன். ரீஸ்டார்ட் செய்தேன். இயர்பட்ஸை அழித்து மறுபடி இணைத்தேன்.

அப்படியேதான் இருக்கிறது.

அது சரி, அந்தக் கோளாறு வந்தால் இரண்டு பக்கமும்தானே ஏறணும்? ஒரு பக்கம் மட்டும் எப்படி?

நவம்பர் 6, வியாழன்

ரேச்சல் மைனி ஆல்ட்டோ, பெண்களின் கீழ்க்குரல், பாடிக் கொடுத்தார்கள். அண்ணன் மனைவி, பள்ளிக்கூடத்தில் கணக்கு டீச்சர். இடதில் போட்டுக் கேட்டேன். ஏறி நிற்கிறது. சொன்னேன்.

"நானா? பத்து வயசுல இருந்து ஆல்ட்டோ பாடுதேன் தம்பி. இதுவரைக்கும் ஒருத்தரும் சொன்னதில்ல."

"ஒருத்தருக்கும் காது இல்ல மைனி."

முகம் சுருங்கிப்போனது. சுருங்கட்டும். தப்பைத் தப்பு என்றுதான் சொல்ல முடியும். மென்பொருளில் இருக்கிற சுருதி மீட்டர் மட்டும் அவர்கள் பக்கம். முள் நடுவில் நிற்கிறது. மீட்டரிலும் ஏதோ கோளாறு. காதை நம்பி நாற்பது சென்ட் இறக்கினேன், அதாவது அரைச் சுரத்தில் பாதிக்குக் கொஞ்சம் குறைவு. இப்போது சேர்கிறது.

பிறகு சொப்ரானோ, டெனர், பேஸ். மூன்றையும் நாற்பது இறக்க வேண்டியிருந்தது.

நாலு பேரும் ஏற்றிப் பாடினார்களா? நாலு பேரும் ஒரே அளவுக்கா?

அனுப்பிவிட்டேன்.

நவம்பர் 7, வெள்ளி

இயர்பட்ஸ்தான் பழுது என்று முடிவு கட்டிக் கடைக்குக் கொண்டுபோனேன். கடை அண்ணாச்சி துடைத்துத் தன் காதில் மாட்டினார். கண்ணை மூடித் தலையை ஆட்டினார்.

"ரெண்டு பக்கமும் கும்முனு கேக்கு தம்பி. நல்லா இருக்கத எப்படி மாத்தித் தர?"

"உங்களுக்கு வயசாச்சு அண்ணாச்சி. வித்தியாசம் தெரியாது."

"எனக்கு நல்லாத்தான் கேக்கு. கரண்டு போனா பக்கத்துக் கடை மீட்டர் நிக்கதுகூட கேக்கும்."

கடையில் நின்ற இரண்டு பேர் சிரித்தார்கள். பிடுங்கிக்கொண்டு வந்துவிட்டேன். பைக்கில் வரும்போது வீட்டுத் திருப்பத்தைத் தாண்டிப் போய்விட்டேன். கோபம்தான்.

கோபம்தானா?

நவம்பர் 8, சனி

வேலை செய்கிற கன்டெய்னர் யார்டில் ஒரு ரீஃபர், உறைந்த இறால் ஏற்றின குளிர்பெட்டி, வெப்பநிலையைத் தப்பாகக் காட்டியது. இரண்டு சென்சாரையும் இடம் மாற்றிப் போட்டேன். கோளாறு சென்சாரோடு போனால் சென்சார் பழுது. அதே இடத்தில் நின்றால் பெட்டி பழுது. ஒரு நிமிடம்தான். வேலைக்குச் சேர்ந்த முதல் வாரம் படித்தது இது. என்கூட வேலை பார்க்கிற வீரபாகுவுக்கு நான்தான் சொல்லிக்கொடுத்தேன்.

மென்பொருளில் இடது, வலதை மாற்ற ஒரு பட்டன் இருக்கிறது. மாஸ்டர் சேனலில், கண்ணுக்கு நேராக.

அஞ்சு நாளா நான் ஏன் அதை அமுக்கல?

காதுக்குள் ஒரு இரைச்சல். ரீஃபர் வரிசை நடுவில் நின்றுவிட்டு வந்தால் கொஞ்ச நேரம் இருக்கும், அப்புறம் போய்விடும். இது நேற்று மதியத்திலிருந்து போகவில்லை.

நவம்பர் 9, ஞாயிறு

ஆராதனை முடிந்து பாடகர் பயிற்சி. எல்லோரும் என் டிராக்கை மூன்று நாள் கேட்டுப் பழகி வந்திருக்கிறார்கள். நல்ல பிள்ளைகள். அண்ணன் கீபோர்டில் சுருதி கொடுத்தான். நாலு பாகமும் சுருதிக்குக் கீழே கிடந்தன. மறுபடி கொடுத்தான், மறுபடியும் கீழே. பேஸ் பாடுகிற ஒருவர் கீபோர்டைத் தட்டி, "இதுக்குச் சளி பிடிச்சிருக்கா?" என்றார். ஒரே சிரிப்பு.

மைனி சிரிக்கவில்லை. போனைக் கையில் வைத்துக்கொண்டு என்னிடம் வந்தார்கள்.

"தம்பி, என் குரல ஏன் அழுத்தி வச்சிருக்க? நான் பாடுனது இது இல்லையே."

"உங்க போன் சரியில்ல மைனி."

"பத்தொம்பது போனுமா?"

அண்ணனும் கேட்டுவிட்டான், என் முகத்தையும் பார்த்துவிட்டான். தலைவலி என்று சொல்லிக் கிளம்பினேன். வாசலில் யாரோ கூப்பிட்டார்கள். எந்தப் பக்கமிருந்து என்று தெரியவில்லை. இரண்டு தடவை சுற்றிப் பார்த்தேன்.

நவம்பர் 10, திங்கள்

பட்டன் மேல் மவுஸை வைத்தேன். எடுத்துவிட்டேன்.

நவம்பர் 11, செவ்வாய்

செத்திருப்பேன்.

எழுதிவிடுகிறேன். காலை பதினோரு மணி. லேசான மழை. ரீஃபர் வரிசை முனையிலிருந்து ரோட்டுக்கு வந்தேன். பெட்டி தூக்குகிற வண்டி பின்னால் எடுக்கிற பீப் பீப் கேட்டது. கேட்டது, சத்தியமாகக் கேட்டது. வலதில் இருக்கிறது என்று வலதைப் பார்த்தேன். ஒன்றும் இல்லை. நடந்தேன். வீரபாகு சட்டையைப் பிடித்துப் பின்னால் இழுத்தான். வண்டி இடதிலிருந்து வந்தது. டயர் என் உயரம். தெறித்த தண்ணீர் முகத்தில் அடித்தது.

"ஏலே, செவிடா நீ? அவன் ஹாரன் வேற அடிக்கான்!"

உட்கார்ந்துவிட்டேன். அவன் பயந்துபோய், "என்னண்ணே, சும்மா சொன்னேன்" என்றான். நான் அப்படியே வலது காதுப் பக்கம் விரலைத் தேய்த்தேன். கேட்டது. இடது காதுப் பக்கம் தேய்த்தேன். பலமாகத் தேய்த்தேன். விரல் சுட்டது.

பட்டன் எல்லாம் எதுக்கு. இரண்டு விரல் போதும். ஏழு நாள் முன்னாடியே போதும்.

வீரபாகுதான் ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப்போனான். காது டாக்டர் அம்மா இடுக்கி மாதிரி ஒன்றைத் தட்டி நெற்றியில் வைத்தார்கள். எங்கே கேட்குது? வலதில். அப்புறம் டெஸ்ட் எடுக்கிற அக்கா கண்ணாடி அறையில் உட்கார வைத்து, சத்தம் கேட்டால் பட்டனை அமுக்கச் சொன்னார்கள். வலது காதுக்கு அமுக்கிக்கொண்டே இருந்தேன். பிறகு இடது என்றார்கள். காத்திருந்தேன். எங்கேயோ ஆழத்தில் ஒன்றிரண்டு. மறுபடி காத்திருந்தேன். மெஷினை ஆன் பண்ணிட்டீங்களா என்று கேட்டேன்.

"முடிஞ்சிட்டு தம்பி," என்றார் அந்த அக்கா.

உள்காதில் நரம்பு. திடீரென்று வருமாம், பல பேருக்குக் காரணமே தெரியாதாம். சுரம் ஏறிக் கேட்டது, இரைச்சல், எல்லாம் இதன் அறிகுறி.

"எப்ப ஆரம்பிச்சது?"

"போன செவ்வாய்."

"ஒரு வாரமா என்ன பண்ணிட்டிருந்தீங்க?"

டிரைவர் மாத்திட்டிருந்தேன்னு எப்படிச் சொல்ல.

முதல் இரண்டு மூன்று நாளில் வந்திருந்தால் நல்லது என்றார்கள். இப்பவும் பார்க்கலாமாம். சிலருக்கு முழுசாகத் திரும்பும், சிலருக்குப் பாதி, சிலருக்கு இல்லை. ஸ்டீராய்டு மாத்திரை எழுதினார்கள். யார்டு பக்கம் போகக் கூடாது.

நவம்பர் 12, புதன்

வலதும் போயிருமோ?

மணிக்கு ஒரு தரம் விரலைத் தேய்த்துப் பார்க்கிறேன். பல் தேய்க்கும்போது பார்த்தேன். ஜெபிக்கிறபோது பார்த்தேன்.

நவம்பர் 13, வியாழன்

அண்ணனிடம் சொல்லிவிட்டேன். அவன் என் இடப்பக்கம் நின்று ஏதோ சொல்லியிருக்கிறான். நான் திரும்பவில்லை. சுற்றி வந்து வலப்பக்கம் நின்றான். ஆனால் திரும்பச் சொல்லவில்லை.

மைனிக்குத்தான் கோபம். "அன்னைக்கே மீட்டரக் காட்டி, 'மைனி, இது எனக்குத்தான் இப்படிக் கேக்கா'ன்னு ஒரு வார்த்தை கேட்டிருந்தா? வாயத் தொறந்தா உன் மானம் போயிருமா? அன்னைக்கே ஆஸ்பத்திரிக்கு இழுத்துட்டுப் போயிருப்பேன்."

ஆறாம் தேதி. மூன்றாம் நாள். கணக்குப் போட்டுப் பார்த்தேன். போட்டிருக்கக் கூடாது.

நவம்பர் 18, செவ்வாய்

மாத்திரை போதவில்லை. செவிப்பறை வழியாக ஊசி. வலியைவிட அந்த மருந்து உள்ளே இறங்குகிற சத்தம்தான். சத்தம்! இடதில்! டாக்டரிடம் கேட்டேன். "அது எல்லாருக்கும் கேக்கும். இப்ப எதுவும் நினைச்சுக்காதீங்க."

நவம்பர் 26, புதன்

மூன்றாவது ஊசியும் ஆயிற்று. மறுபடி கண்ணாடி அறை. தடித்த குரல்கள் கொஞ்சம் திரும்பியிருக்கின்றன. கீச்சென்ற மேல் சத்தங்கள் இல்லை. தாளில் கோடு பாதி வரை நேராக வந்து, பிறகு சரிகிறது. இனிமேல் பெரிய மாற்றம் எதிர்பார்க்க வேண்டாம் என்று டாக்டர் அம்மா மெதுவாகத்தான் சொன்னார்கள். வலது பக்கமாக உட்கார்ந்து சொன்னார்கள்.

வலது நன்றாக இருக்கிறது. மூன்று முறை கேட்டுவிட்டேன். நன்றாகத்தான் இருக்கிறதாம்.

கம்பெனியில் இனி யார்டு கிடையாது. ஒர்க்‌ஷாப் மேசை. வீரபாகு என் ஷிப்டுக்குப் போகிறான்.

டிசம்பர் 6, சனி

டிராக்கெல்லாம் புதிதாகப் பண்ணுகிறோம். அண்ணன் வேறு ஆளைப் பார்க்கிறேன் என்றான். மைனி விடவில்லை. மத்தியானம் பள்ளிக்கூடம் விட்டு நேராக வந்து, கைப்பையைக்கூட வைக்காமல் என் வலப்பக்கம் நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தார்கள். ஸ்பீக்கரில் போட்டேன்.

"மூணாவது வரியில டெனர் கொஞ்சம் கீழ நிக்கு."

ஏற்றினேன். "இப்ப?"

"இன்னும் ஒரு நூலு."

"இப்ப?"

கண்ணை மூடிக் கேட்டார்கள். நான் திரையைப் பார்க்காமல் அவர்கள் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தேன்.

"ஆங். கைய எடு."

எடுத்தேன். முன்னால் கேட்டதும் இதுவும் எனக்கு ஒன்றாகத்தான் இருந்தது. சேவ் பண்ணிவிட்டு அடுத்த பாட்டைத் திறந்தேன்.