ஈறில் நிற்காத இரத்தம்

அன்புள்ள உம்மாவுக்கு, அஸ்ஸலாமு அலைக்கும். உங்களுக்கும் வாப்பாவுக்கும் சுகம்தானே?

நான் இப்போது நலம், அதனால்தான் எழுதுகிறேன். போன வாரம் பல்வலி தாங்காமல் இங்கே கொண்டாப்பூரில் அறைக்குப் பக்கத்து மருந்துக் கடையில் வலி மாத்திரை வாங்கிப் போட்டேன். இதய வால்வில் இரத்தம் உறையாமலிருக்கத் தினமும் சாப்பிடும் வார்ஃபரின் மாத்திரையோடு அது சேரக் கூடாது என்பதை வலியில் மறந்துவிட்டேன். ஈறில் கசிந்த இரத்தம் நிற்கவே இல்லை. அறைத்தோழன் ஜெயச்சந்திரன், "பேசாத, துணிய அழுத்திப் புடி" என்று ஆட்டோவில் ஏற்றி ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனான்.

"இந்த வார்ஃபரினே வேண்டாம், டாக்டர்" என்றேன். அங்கிருந்த டாக்டரம்மாவுக்குத் தமிழ் தெரிந்திருந்தது. "நிறுத்தினா வால்வுல இரத்தம் உறைஞ்சிடும். அப்புறம் உயிருக்கே ஆபத்து" என்றார். ஈறில் மருந்துப் பஞ்சு வைத்து, இரத்தத்தைப் பரிசோதித்து, வார்ஃபரின் அளவை மாற்றினார். மாலைக்குள் இரத்தம் நின்றது.

முருங்கைக்கீரைப் பொடி அனுப்பாதீர்கள். கீரை திடீரெனக் கூடினால் மருந்து சரியாக வேலை செய்யாதாம். உங்கள் பழைய போர்வை ஒன்று அனுப்பினால் போதும்.

ஆஸ்பத்திரியில் அவசரத்துக்கு அழைக்க வீட்டு போன் எண் கேட்டபோது, நீங்கள் பயப்படுவீர்கள் என்று ஜெயச்சந்திரன் எண்ணைக் கொடுத்தேன். கிளம்பும்போது மனசு கேட்கவில்லை, உங்கள் எண்ணையும் கொடுத்துவிட்டேன். போனைப் பக்கத்திலேயே வைத்துக்கொள்ளுங்கள், உம்மா.

ஆபீஸ் பஸ் வந்துவிட்டது.

உங்கள் யூசுப்