நான் சொன்ன சாக்பீஸ் உதாரணம்

இன்று காலை கூரியரில், கல்லில் எழுத்து வெட்ட ஒட்டும் புது ரப்பர் ஸ்டென்சில் ரோல் வந்தது. மேலே சுற்றியிருந்த பிளாஸ்டிக்கைக் கிழித்ததும் அந்த ரப்பர் வாசனை எழுந்தது. நின்றுகொண்டிருந்தவன் அப்படியே நாற்காலியில் உட்கார்ந்துவிட்டேன். வெயிலில் கிடந்த சைக்கிள் டியூப் மாதிரி வாசனை என்று நீ சொல்வாய். அரக்கோணம் சாலையில் இருபத்தைந்து வருடம் பஞ்சர் கடை வைத்திருந்தவனுக்கு எல்லா வாசனையும் கடைசியில் டியூபில்தான் போய் முடியும்.

நீ போய் எட்டு மாதம் ஆகிறது. இந்த ரோலை வரவழைத்தது நான் அல்ல, மஞ்சுளா.

போன மாதம் உன் மனைவி வீட்டுக்கு வந்தாள். "அண்ணா, கம்ப்ரஸர் துரு புடிச்சிகினு கெடக்குது. நீங்க ஷீட்டு வெட்டிக் குடுங்க, கல்லுல நானே மணல் அடிக்கறேன். பாவா அடிக்கறத ஆறு வருசமா பாத்துகினுதானே இருந்தேன்" என்றாள். நீ அவளுடைய அத்தை மகன் என்பதால் கல்யாணத்துக்கு முன்பும் அவளுக்குப் பாவா, பின்பும் பாவா. இப்போதும் அப்படித்தான் சொல்கிறாள். நான் சரி என்று தலையாட்டினேன். அன்றிலிருந்து பொய் சொல்லத் தொடங்கினேன். ஷீட்டில் எழுத்து வெட்டும் மெஷினான பிளாட்டரின் கத்தி மழுங்கிவிட்டது என்றேன். கத்தி வந்ததும் ரோல் தீர்ந்துவிட்டது என்றேன். அவளே போன் போட்டு ரோலை வரவழைத்துவிட்டாள். இனி சொல்ல என்னிடம் பொய் இல்லை.

உண்மை ஒன்று இருந்தது. எதனால் நீ செத்தாய் என்பது அவளுக்குத் தெரியாது. நெஞ்சில் சளி கட்டிவிட்டது என்றே இத்தனை நாளும் நம்பிக்கொண்டிருந்தாள். அதைச் சொல்லாமல் அவளை அந்த மணலின் முன்னால் நிற்க விட முடியாது. சொன்னால் அதில் என் பங்கையும் சேர்த்துச் சொல்ல வேண்டும்.

நாம் தொடங்கிய நாள் உனக்கு நினைவிருக்கும். நான் ஓய்வு பெற்ற வருடம். உன் கடை பெஞ்சில் உட்கார்ந்து பேப்பர் படிப்பதே என் உத்தியோகமாக இருந்தது. டியூப் இல்லாத டயர்கள் வந்த பிறகு உனக்கும் பாதி நாள் வேலை இல்லை. ஆடிக் கிருத்திகைக்கு வந்திருந்த ஒருவர், நீ அவர் காருக்குக் காற்று அடித்துக்கொண்டிருக்கும்போது, மலைக்கோயில் படியில் பதித்திருக்கும் உபயக் கல்லைப் போல எழுத்து வெட்டித் தர இங்கே யார் இருக்கிறார்கள் என்று கேட்டார். சென்னைக்குத்தான் போகணும் என்று சொல்லி அனுப்பினாய். கார் திரும்பியதும் என்னைப் பார்த்தாய்.

"காத்து என்கிட்ட கீது. எழுத்து உன்கிட்ட கீது. அப்புறம் இன்னாத்துக்கு வாத்யாரே சென்னை?"

அவ்வளவுதான் நம் கம்பெனி. நான் ஒரு பழைய பிளாட்டரை வாங்கி என் முன்னறையில் போட்டேன். பிளாட்டரில் ஷீட்டை வெட்டுவது என் வேலை. வெட்டிய ஷீட்டைக் கல்லில் ஒட்டி, திறந்த இடத்தில் மணலைக் காற்றோடு பீய்ச்சிக் குழி செய்வது உன் வேலை.

முதல் பத்து நாள் கத்தியோடு போராடினோம். அழுத்தம் குறைந்தால் ஷீட் வெட்டுப்படாது. கூடினால் அடியில் இருக்கும் மெழுகுத் தாளும் சேர்ந்து கிழியும். உனக்குப் புரியவைக்க நான் நுங்கை உதாரணமாக இழுத்தேன். "மேல் தோல் உரியணும், உள்ளே தண்ணி சிந்தக்கூடாது. அந்த அளவுதான் கத்தி." நீ உடனே எழுந்து அழுத்தத்தைக் குறைத்தாய். ஓரத்தில் ஒரு சின்னச் சதுரம் வெட்டி நகத்தால் தூக்கினாய். ஷீட் மட்டும் வந்தது, தாளில் கீறல்கூட இல்லை. "இப்பிடி சொல்லிக் குடுத்திருந்தா நான் எட்டாவதுல பெயிலாயிருக்க மாட்டேன்" என்றாய். எனக்கு எவ்வளவு பெருமையாக இருந்தது தெரியுமா?

பள்ளிப்பட்டு விசைத்தறிக்காரரின் வீட்டுப் பெயர்க்கல்தான் நம் முதல் வேலை. பைக் ஸ்டிக்கருக்கு உரிப்பது போல, சுற்றியிருப்பதை எல்லாம் உரித்துவிட்டு எழுத்தை மட்டும் கல்லில் விட்டேன். நீயும் கேட்காமல் அடித்துவிட்டாய். ஷீட்டை எடுத்துப் பார்த்தால் கல் முழுக்கக் கொத்திய அம்மி மாதிரி சொரசொரப்பு. நடுவில் எழுத்து மட்டும் பளபளவென்று மேடாக நிற்கிறது.

"எழுத்தப் பள்ளமாக்கச் சொன்னா ஊரையே பள்ளமாக்கிட்டியே வாத்யாரே!" என்று தலையில் கைவைத்துக்கொண்டாய். அந்த மனிதர் வந்தார். எழுத்தின் மேல் விரலை ஓட்டினார். "எல்லார் வூட்லயும் பள்ளமாத்தான் கீது. இது ஒண்ணுதான் மேடா கீது. ஷோக்கா கீது" என்று மகிழ்ச்சியாகத் தூக்கிக்கொண்டு போனார். அவர் வண்டி மறையும் வரை இருவரும் முகத்தை இறுக்கி வைத்துக்கொண்டு நின்றோம். பிறகு நீ சிரித்த சிரிப்பில் பக்கத்து டீக்கடைக்காரர் என்ன ஆச்சு என்று ஓடிவந்தார்.

அதற்கும் ஒரு உதாரணம் சொன்னேன். "ஷீட்டுதான் குடை, மணல்தான் மழை. எங்கே நனையணுமோ அங்கே குடையை எடுத்துடு." அதற்குப் பிறகு நாம் ஒரு முறையும் மாற்றி உரிக்கவில்லை.

முப்பத்திரண்டு வருடம் கணக்கு சொல்லிக்கொடுத்தவன் நான். பொருத்தமாக ஒரு உதாரணம் கிடைத்துவிட்டால் விஷயம் முடிந்தது என்று நம்பினேன். உதாரணமே தவறாக இருந்தால் என்ன ஆகும் என்று யோசித்ததில்லை.

இரண்டாம் வருடம். கடைக்குப் பின்னால் மூன்று பக்கமும் தகரம் அடித்த மறைப்புக்குள் நின்று அடித்துக்கொண்டிருந்தாய். மஞ்சுளா சலித்து மாடியில் காயவைத்த ஆற்று மணல். முகத்தில் கட்டியிருந்தது ஒரு துண்டு. வேலை முடித்து வெளியே வந்தாய். இமை, மீசை எல்லாம் வெள்ளை. வாய் கொப்பளித்துத் துப்பிவிட்டு, கன்னத்தில் தண்ணீர் வடிய வடியக் கேட்டாய்.

"வாத்யாரே, துப்புனா மண்ணா வருது. உள்ள போற தூசி எதுனா பண்ணுமா?"

நான் அடுத்த கல்லுக்கான தாளில் எழுத்தின் இடைவெளியை அளந்துகொண்டிருந்தேன். தலையைத் தூக்கவில்லை. "முப்பத்திரண்டு வருஷம் சாக்பீஸ் தூசியிலேயே நின்னவன்டா நான். எனக்கு என்ன ஆச்சு? மூக்குல போறது தும்மல்ல வந்துடும்."

"ஆங், அதானே" என்றாய். துண்டை உதறி மறுபடி கட்டிக்கொண்டு தகரத்துக்குள் போனாய்.

அதன் பிறகு நீ கேட்கவே இல்லை. கேட்பவர்களுக்கு நீயே பதில் சொன்னாய். கம்ப்ரஸரைப் பழுது பார்க்க வந்தவர், தலை முழுக்க மூடுகிற மாஸ்க் இல்லாமல் இந்த வேலை செய்யாதீங்க என்று சொன்னபோது நானும் பக்கத்தில்தான் இருந்தேன். "எங்க வாத்யாரு முப்பது வருசம் சாக்பீஸ் துன்னவரு, எப்பிடி கீறாரு பாரு" என்று என் தோளில் தட்டினாய். நான் சிரித்தேன்.

ஐந்தாம் வருடம் இருமல் வந்தது. மலைப்படியை மூச்சு வாங்காமல் ஏறுகிறவன், இருபது படிக்கு ஒரு முறை நிற்கத் தொடங்கினாய். நிற்கும்போதெல்லாம் குனிந்து உபயக் கற்களைப் படித்தாய். "இது நாம அடிச்சதா பாரு" என்பாய். நாம் அடித்தது இல்லை என்பது உனக்கும் தெரியும். மூச்சுக்காக நிற்கிறாய் என்பது எனக்கும் தெரியும்.

சென்னை டாக்டர் எக்ஸ்ரே படத்தை வெளிச்சத்தில் வைத்துப் பார்த்துவிட்டு என்ன வேலை என்று கேட்டார். பஞ்சர் கடை என்றாய். கல்லில் மணல் அடிப்போம் என்று நான்தான் சொன்னேன். எத்தனை வருடம், என்ன மணல், முகத்துக்கு என்ன என்று அடுத்தடுத்துக் கேட்டார். துண்டு என்றதும் பேனாவை மூடிக் கீழே வைத்தார். அப்போதும் என் வாய் சும்மா இருக்கவில்லை. "நானும் முப்பது வருஷம் சாக்பீஸ் தூசியில…" என்று இழுத்தேன்.

"சார், சாக்பீஸும் மணலும் ஒண்ணா? மணல் உடைஞ்சு பறக்கிற தூள் கண்ணுக்கே தெரியாது. நுரையீரல்ல போய்த் தங்கிடும். வெளியே வராது. அங்கேயே புண்ணாக்கிக்கிட்டே இருக்கும். அதை எடுக்க மருந்தும் கிடையாது" என்றார்.

நீ என்னைப் பார்க்கவில்லை. ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டாய். திரும்பும் ரயில் திருவள்ளூரைத் தாண்டியது. பிறகு, "மஞ்சுகிட்ட சளின்னே சொல்லிக்கலாம். ஒம் பேரு இதுல வாணாம்" என்றாய். வேண்டாம், நானே சொல்கிறேன் என்று நான் சொல்லியிருக்க வேண்டும். சொல்லவில்லை. எனக்கு அது வசதியாக இருந்தது. நீ மூச்சுக்குத் தவித்த ஏழு மாதமும், காரியம் முடிந்த பிறகும், அந்த வசதியில்தான் உன் வீட்டில் காபி குடித்தேன்.

இன்று காலை ரோல் வந்த அரை மணி நேரத்தில் மஞ்சுளா ஆட்டோவில் கறுப்புக் கல்லோடு வந்து இறங்கினாள். மணல் சலித்துக் காயவைத்தாயிற்றாம். வெட்டிக் கொடுத்தால் சாயங்காலமே அடித்துவிடுவாளாம். நான் வாங்கி வைத்திருந்த மாஸ்க்கை எடுத்து நீட்டினேன். இரண்டு பக்கமும் வட்டமாக வடிகட்டி வைத்தது.

"இன்னாண்ணா இது, பன்னி மூஞ்சி மாதிரி கீது!" என்று சிரித்தாள். நீ போன பிறகு அவள் சிரித்து இன்றுதான் பார்த்தேன். "எனக்கு எதுக்கு இது? முப்பது வருசம் சாக்பீஸ் துன்னு நீங்களே கல்லு மாதிரி கீறீங்க. பாவா தெனம் சொல்வாரே."

என் வாக்கியம் அவள் வாயிலிருந்து வந்தது.

"அந்த உதாரணம் தப்பும்மா" என்றேன். தொடங்கிய பிறகு நிறுத்தவில்லை. நீ கேட்டது, நான் தலையைத் தூக்காமல் சொன்னது, டாக்டர் சொன்னது, ரயிலில் நீ சொன்னது, நான் வாயை மூடிக்கொண்டது. எதையும் விடவில்லை. நீ என் பெயர் வேண்டாம் என்றாய். மன்னித்துக்கொள், உன் பேச்சை மீறிவிட்டேன்.

அவள் அழவில்லை. மாஸ்க்கின் வாரை விரலில் சுற்றிக்கொண்டே இருந்தாள். வெளியே ஆட்டோக்காரர் ஹாரன் அடித்தார்.

"பாவாவுக்கு இது தெரிஞ்சிதா?"

"தெரியும்."

"அவரு கேட்டாரே, அன்னிக்கு உங்களுக்குத் தெரியுமா?"

"தெரியாதும்மா. சத்தியமா தெரியாது."

"தெர்லன்னா தெர்லன்னு சொல்லியிருக்கலாமே சார்."

இருபது வருடமாக அண்ணா என்று கூப்பிட்டவள். மாஸ்க்கை எடுத்துக்கொண்டாள். கல்லை எடுக்கவில்லை. ஆட்டோ போய்விட்டது. மத்தியானம் மனம் தாங்காமல் உங்கள் தெருப் பக்கம் போனேன். சலித்து வைத்த மணலைத் தட்டுத் தட்டாக வாரி, வாசல் பள்ளத்தில் கொட்டித் தண்ணீர் ஊற்றி மிதித்துக்கொண்டிருந்தாள். மாஸ்க் அவள் முகத்தில் இருந்தது. என்னைப் பார்த்தாள். கூப்பிடவில்லை. வந்துவிட்டேன். அவள் அந்த மணலில் நிற்கப்போவதில்லை, அது போதும் என்று வழியெல்லாம் சொல்லிக்கொண்டேன். போதவில்லை.

வகுப்பில் எத்தனை பிள்ளைகள் எழுந்து எத்தனை கேள்விகள் கேட்டார்கள். விடை தெரியாத இடத்தில் எல்லாம் ஒரு உதாரணத்தைப் போட்டு மூடியிருக்கிறேன். அவர்கள் உட்கார்ந்துவிட்டார்கள், மணி அடித்தது, எல்லாரும் வீட்டுக்குப் போனார்கள். நீ ஒருவன்தான் என் பதிலை நம்பி, துண்டை உதறிக் கட்டிக்கொண்டு உள்ளே போனாய்.

அன்று நீ பதிலுக்குக் காத்து நின்ற அந்தச் சில நொடிகள்தான் இனி என்னோடு இருக்கும். இந்த முறை அந்தத் தாளை மேஜையிலேயே விட்டுவிட்டேன்டா. தலையை நிமிர்த்தி உன்னைப் பார்த்துச் சொல்கிறேன். அந்தத் தூசி என்ன பண்ணும் என்று எனக்குத் தெரியாது. நீ உள்ளே போகாதே.